விலையும் பெறுமதியும்: விளையாட்டுப் பொறி ஒன்று குறித்து ஓர் அறவியல் நோக்கு

பொருளொன்றை வாங்கத் தகுமா என ஒருவர் வினவும்போது, அதன் விலையையும் அது தரும் பயனையும் இரு தட்டுகளில் இட்டு நிறுத்து விடை கூறவே நாம் பெரும்பாலும் முற்படுகின்றோம். ஆயின் ‘தகும்’ என்ற சொல் வாணிகத்துக்கு மட்டும் உரியதன்று. தகுதி, தகவு, தகைமை என்பனவெல்லாம் அவ்வடிச்சொல்லிலிருந்தே கிளைத்தவை. ஆதலால் இவ்வினா பொருளை அளப்பதோடு அமைவதில்லை; வாங்குவோனையும், அவனுக்குப் பணம் கொடுப்போரையும், அவன் வாழும் சூழலையும் சேர்த்தே அளக்கின்றது. ஈண்டு அவ்வினாவை ஒரு சிறு பொருளை வைத்து ஆராய முனைகின்றேன். பொருள் சிறிதாயிருப்பதால் வினாவும் சிறிதென்று கொள்ளவேண்டியதில்லை.

அப்பொருள், இளைஞர் வழக்கிற் ‘கேம் கொன்சோல்’ எனப்படும் விளையாட்டுப் பொறிகளுள் ஒரு வகை. அதனைக் கையிற் கொண்டு திரிந்தும் விளையாடலாம். வீட்டுக்கு வந்ததும் ஒரு தாங்கியிற் பொருத்தித் தொலைக்காட்சித் திரையிலும் விளையாடலாம். இவ்விரு நிலையையும் ஒருங்கே கொண்ட பொறியை உலகெங்கும் பரப்பியது யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ ஆகும். 1889 இற் கியோத்தோ நகரிற் சீட்டுக்கட்டுகள் செய்யத் தொடங்கிய அந்நிறுவனம், 1980 இற் சட்டைப்பைக்குள் அடங்கும் ‘கேம் அன்ட் வொட்ச்’ என்ற சிறு பொறியையும், 1989 இற் ‘கேம் போய்’ என்பதையும் வெளியிட்டது. 2017 மார்ச்சில் வந்த ‘சுவிட்ச்’ 15 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. 2022 இல் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம் டெக்’ என்ற பெயரில் இவ்வகையில் ஒன்றைக் கொணர்ந்தது. 2025 ஜூன் 5 ஆம் திகதி ‘சுவிட்ச் 2’ வெளிவந்தது.

சுவிட்ச் 2 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 449.99 டொலர். டொலர் ஒன்று ஏறத்தாழ 300 ரூபாய் என்ற அவ்வாண்டு மதிப்பிற் கணித்தால் இது 135,000 ரூபாய். தீர்வையும் தரகும் அனுப்புசெலவும் இதிற் சேரா. 2025 ஏப்ரலில் இலங்கையின் தேசியக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. எனவே பொறியின் விலை ஐந்து மாதச் சம்பளம். 2026 ஜனவரியிற் சம்பளம் 30,000 ஆனபின் நாலரை மாதச் சம்பளம். எம் போன்ற மாணவருக்கு 2025 இல் வழங்கப்பட்ட மகாபொல உதவிப்பணமாகிய 7,500 ரூபாயில் எண்ணினால் 18 தவணைகள். அதுவும் உண்ணாமலும் பஸ்ஸில் ஏறாமலும்.

ஆனையிறவிலே ஐந்து மாதம் என்பது வெறும் எண்ணன்று. நீரேரியின் நீரைப் பாத்திகளில் ஏற்றி, வெயிலும் சோளகக் காற்றும் அதனை வற்றச்செய்ய, உப்பு விளைந்தபின் வாரிக் குவிப்பர். மாரி தொடங்கிவிட்டால் வேலை நின்றுவிடும். ஆக, ஐந்து மாதம் என்பது ஏறக்குறைய ஒரு முழு விளைபருவம். உப்புநீர் காலின் தோலை அரிக்கும். வெள்ளை உப்பிற் பட்டுத் தெறிக்கும் வெயிலிற் கண் கூசும். சங்கப் பாடல்களில் வரும் உமணர் மகளிர் நெல்லும் உப்பும் நிகரெனக் கூறி விலை பகர்ந்தனர். அவ்வளவையில் எத்தனை குவியல் உப்பு ஒரு விளையாட்டுப் பொறிக்கு நிகராகும் என்பதை இன்று யாரும் கூறுவதில்லை. டொலர் இடையில் நின்று அக்கணக்கை மறைத்துவிடுகின்றது.

இவ்வினாவை என்னிடம் எழுப்பியவன் அப்பகுதியில் வாழும் இளைஞனொருவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தான். தாயார் உப்பளத்திற் கூலிவேலை செய்பவர். ரொறன்ரோவிலுள்ள தாய்மாமன், சோதினை பாஸ் பண்ணினால் என்ன வேண்டுமெனத் தொலைபேசியிற் கேட்டிருக்கின்றார். “அக்கா, இதைக் கேக்கட்டோ? கேட்டாப் பிழையோ?” என்றான் அவன். பொறி நல்லதா என்பதில் அவனுக்கு ஐயமிருக்கவில்லை. திரை 7.9 அங்குலம், பற்றரி எத்தனை மணி தாங்கும், பழையதனின்றும் புதியது எவ்வகையில் வேறுபடும் என்பனவற்றை அவன் மனப்பாடமாக ஒப்புவித்தான். விளம்பரங்களும் மதிப்புரைகளும் கூறாத ஒன்றையே அவன் கேட்டான். அதைக் கேட்க நேர்ந்தமை அவனுடைய குணத்தைக் காட்டுகின்றது எனலாம்.

உடனடியாக நாவில் வரும் விடை துறவியரின் விடை. வள்ளுவர் ‘அவா அறுத்தல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். கிரேக்க ஞானியாகிய எபிக்கியூரஸ் மனித விருப்பங்களை இயற்கையானவையும் இன்றியமையாதவையும், இயற்கையானவையாயினும் இன்றியமையாதவை அல்லாதவை, இரண்டுமல்லாதவை என மூவகையாகப் பகுத்து, முதல்வகையோடு அமைதல் நன்றென்றான். இவ்வளவையில் விளையாட்டுப் பொறி தோற்றுவிடும் என்பதில் ஐயமில்லை. பெரியோர் பலர் இவ்விடையோடு நிறைவடைவர். உப்பளத்துக் கூலிக்காரியின் மகனுக்கு இது எதற்கு என்பர்.

என்னால் அவ்விடையை ஏற்க இயலவில்லை. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, விளையாட்டு மிகைப்பொருள் என்ற எண்ணம் எமது மரபுக்கே முழுதும் உடன்பாடானதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் களங்களைக் கூறுமிடத்துச் செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் நான்காவதாக வைத்தார். வள்ளுவரும் சூதைக் கடிந்தாரேயன்றி விளையாட்டைக் கடியவில்லை. சூதைக் கடிந்த காரணமும் கருதற்பாலது: அது பொருளை அழிப்பதோடு ஆடுபவனின் தன்வசத்தையும் அழிக்கின்றது.

இரண்டாவது காரணம் எமது மண்ணின் வரலாறு. 1990களில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் வாழ்ந்தோருக்கு எது தேவை, எது தேவையில்லை என்பதை ஒரு பட்டியல் தீர்மானித்தது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியனவும் தடைக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டிருந்தன. அக்காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தரும் மின்னில் வானொலியை இயக்கினர். அவ்வாறு இயக்கிக் கேட்டவை செய்திகள் மட்டுமல்ல, பாட்டும் கேட்டனர். ஒருவர் கை வலிக்கச் சுழற்ற, சுற்றியிருந்தோர் பாட்டுக் கேட்டனர் என்பதை எம் பெற்றோர் தலைமுறையினர் இன்றும் நகைத்துக் கூறுவதுண்டு. பாட்டு இன்றியமையாததா என எபிக்கியூரஸின் அளவைகொண்டு அவர்களிடம் யார் கேட்டிருக்க முடியும்? ஒருவருக்குத் தேவை எதுவென்பதை மற்றொருவர் வரையறுக்கும்போது அங்கே அறத்தோடு அதிகாரமும் பேசுகின்றது. வறியவனுக்கு அரிசியும் உப்பும் போதுமெனக் கூறுவோர் தமக்கு அவ்வாறு கூறிக்கொள்வதில்லை. உப்பிற்கூட ஆனையிறவு மக்கள் பயனை மட்டும் பார்த்தவர்களல்லர். 2025 மார்ச்சில் அங்கே திறக்கப்பட்ட தொழிற்சாலையின் உப்பு ‘ரஜ லுணு’ என்ற சிங்களப் பெயரோடு பொதியாகி வந்தபோது எழுந்த எதிர்ப்பினாற்றான் அது ‘ஆனையிறவு உப்பு’ ஆயிற்று. கறிக்கு இரண்டு பெயரும் ஒரே சுவைதான்.

ஆகவே, விளையாட வேண்டுமென்ற விருப்பம் தகும். இனி, இந்தப் பொறி தகுமா என்பதே எஞ்சும் வினா. இங்கே எனக்குத் துணை நிற்பவர் பொருளியலின் தந்தை எனப்படும் அடம் சிமித். 1759 இல் வெளியிட்ட அறவுணர்வுகள் பற்றிய நூலில், அற்பப் பயனுடைய சிறு கருவிகளை வாங்கிப் பைகளை நிரப்பிக்கொண்டு, பை போதாமற் புதுப்பைகள் தைப்பித்துத் திரியும் மாந்தரை அவர் எள்ளி நகையாடுகின்றார். கையடக்கப் பொறிகளைக் கண்டே எழுதினாரோ என எண்ணத்தோன்றும். அங்கே அவர் காட்டும் கடிகாரக்காரன் இன்னும் பொருத்தமானவன். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்தும் கடிகாரத்தை அவன் அற்ப விலைக்கு விற்றுவிட்டு, இரு வாரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாத ஒன்றைப் பெரும்பணம் கொடுத்து வாங்குகின்றான். ஆனால் முன்னரிலும் நேரந்தவறாதவனாக அவன் மாறுவதில்லை. கருவியின் பயனைக் காட்டிலும், பயனுக்கு ஏற்றவாறு கருவி அமைந்திருக்கும் நுட்பமே அவனை மயக்குகின்றது என்பது சிமித்தின் கருத்து. சுவிட்ச் பொறியிலிருந்து சுவிட்ச் 2 க்குத் தாவ விரும்புவோர் பலரின் நிலை இதுவே. திரை ஒரு நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகின்றது என்பதைப் போற்றுகின்றனர். 60 முறை புதுப்பிக்கப்பட்டபோது தாம் எந்த இன்பத்தை இழந்தனர் எனக் கூற அவர்களால் இயலாது.

ஆயினும் அதே சிமித் 1776 இல் எழுதிய நூலில் இன்னொன்றும் கூறினார். லினன் சட்டை உயிர்வாழ்வதற்கு வேண்டியதன்று. எனினும் அதுவின்றி வெளியே வர ஒரு கூலியாள் வெட்கப்படும் நாட்டில் அது தேவைப்பொருளாகின்றது. கைத்தொலைபேசி இன்று எமக்கு அந்தச் சட்டை. விளையாட்டுப் பொறி ஆனையிறவில் இன்னும் அந்நிலையை அடையவில்லை. அதில்லையென்று அங்கு யாரும் நாணுவதில்லை. கோடை விடுமுறைக்குக் கனடாவிலிருந்து மைத்துனர் வந்து, பின்னிருக்கையில் அமர்ந்து அதனைத் தட்டிக்கொண்டிருக்கும் இரு வாரங்கள் மட்டும் விதிவிலக்கு.

வாங்கப்படுவது எது என்பதையும் தெளிதல் வேண்டும். பொறியின் விலை வாயிற்படி மட்டுமே. ‘மாரியோ கார்ட் வேர்ல்ட்’ என்ற ஒரு விளையாட்டின் விலை மட்டும் 79.99 டொலர், அதாவது ஏறக்குறைய 24,000 ரூபாய். சுவிட்ச் 2 க்கென விற்கப்படும் அட்டைகள் சிலவற்றுள் விளையாட்டு முழுமையாக இருப்பதில்லை; அட்டை திறவுகோலாக மட்டும் நிற்க, விளையாட்டை இணையவழி இறக்கிக்கொள்ளவேண்டும். அந்நிறுவனமே தனது பழைய பொறிகளாகிய 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றுக்கான இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டது. அதன்பின் அப்பொறி வைத்திருப்போர் அக்கடையிற் புதிதாக எதையும் வாங்க இயலாது. கரம் பலகை வாங்கியவனுக்கு இத்தகைய நாள் வருவதில்லை. அவன் வாங்கியது பலகை. இவன் வாங்குவது பெரும்பாலும் அனுமதி.

இதற்கு எதிராகவும் ஒன்று கூறவேண்டும். தொலைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளை எண்ணுங்கள். அவை பணம் கேளாமல் உள்ளே அழைத்து, காத்திருப்பைத் தவிர்க்கவும் பெட்டிக்குள் என்ன உண்டெனப் பார்க்கவும் சிறிது சிறிதாகப் பணம் வாங்குகின்றன. வள்ளுவர் சூதிற் கண்ட தீமை அங்கேதான் குடியிருக்கின்றது. விலையை முன்கூட்டியே கூறி, பெற்றபின் விளையாடவிட்டு விலகிநிற்கும் விளையாட்டு அதனினும் நேர்மையானது. 2017 இல் வந்த ‘செல்டா’ விளையாட்டு ஐம்பது மணிக்கு மேல் உட்கொள்ளக்கூடியது, ஆனால் முடிவுள்ளது. முடிவுள்ள விளையாட்டு நாவலைப் போன்றது. இப்பொறிக்குச் சார்பாக என்னால் எடுத்துரைக்கக்கூடிய வலுவான நியாயம் இதுவே.

இனி அதன் இருநிலைத் தன்மைக்கு வருவோம். ஒல்லாந்த அறிஞர் ஹொயிசிங்கா 1938 இல் எழுதிய ‘ஹோமோ லூடென்ஸ்’ என்ற நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து விலகித் தனக்கென ஓரிடமும் காலமும் வகுத்துக்கொள்வது என்றார். கிளித்தட்டுக்குக் கோடு கீறவேண்டும். போர்த்தேங்காய்க்குச் சித்திரை பிறக்கவேண்டும். தொலைக்காட்சியோடு பொருத்தப்பட்ட பொறி ஓரளவுக்கு இவ்விலக்கணத்துக்கு உடன்படும். அதற்கு ஓர் அறை உண்டு, பார்ப்போர் உண்டு, தாய் வந்து நிறுத்தச் சொல்லும் நேரமும் உண்டு. கையிலுள்ள பொறிக்கோ எல்லையில்லை. ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏறக்குறைய 50 கிலோமீற்றர் பஸ் பயணத்திலும் அது கூட வரும். பருவகாலத்தில் நீரேரியில் நிற்கும் பூநாரைகளைக் காண ஒருவனும் தலைநிமிரான். மறுபுறம், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது தொலைக்காட்சி இருளில் நிற்க, கையடக்கப் பொறியின் பற்றரி சிலமணி நேரமேனும் ஒளிர்ந்திருக்கும். ஒரே பொறி இரு வேறு பழக்கங்களை வளர்க்கின்றது. வாங்குவோன் எந்நிலையில் அதனை மிகுதியாகப் பயன்படுத்துவான் என்பதை அறியாமல் அது தகுமா தகாதா எனக் கூறுவது வீண்.

அதன் அமைப்பில் நான் மதிக்கும் ஒரு நுட்பம் உண்டு. சுவிட்ச் பொறியின் இருபுறமும் உள்ள ‘ஜோய்-கொன்’ எனும் கைப்பிடிகளைக் கழற்றினால் இருவர் ஆளுக்கொன்றாகப் பிடித்து விளையாடலாம். எமது சனசமூக நிலையங்களில் ஒரு கரம் பலகையும் ஒரு பத்திரிகையும் ஊர் முழுவதற்கும் போதுமாயிருந்தன. ஒரு பலகையின் விலையை அதைச் சுற்றி நின்றோரின் தொகையாற் பிரித்தால் தலைக்கு விழுந்தது சில சதங்களே. 135,000 ரூபாயை ஒருவனாற் பிரிப்பதற்கும் முப்பதுபேராற் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு கணிதத்தோடு முடிவதன்று.

மாமனிடம் கேட்பது பற்றி: 2025 இற் கனடாவில் அப்பொறியின் விலை 629.99 டொலராயிருந்தது, 13 சதவீத வரியும் சேர்ந்தால் ஏறக்குறைய 712. ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபரிற் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 17.60 டொலராயிற்று. கணக்கு ஏறத்தாழ 40 மணி நேரம், ஒரு வேலைவாரம். இங்கே ஐந்து மாதம், அங்கே ஐந்து நாள். இவ்வேற்றத்தாழ்வே கேட்பதை எளிதாக்குகின்றது. கேட்பவனின் கண்ணிலிருந்து அந்த ஐந்து நாள்களையும் மறைக்கின்றது. பண்டகசாலையில் இரவுவேலை செய்யும் மனிதன் அதனை மலிவென்று எண்ணமாட்டான். எனினும் அவர் தாமாகவே கேட்டிருக்கின்றார். பரிசைக் கேட்பது வேறு, பரிசளிக்க விரும்புபவருக்கு வாய்மையாக விடைகூறுவது வேறு. கேட்டவருக்கு ஒன்றும் வேண்டாமென்று பொய் சொல்வதும் ஒருவகை அவமதிப்பே.

கடனுக்கோ தவணைக்கோ வாங்குவது மட்டும் எவ்வகையிலும் தகாதென்பேன். வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018 இல் அரசு முன்வந்தது. குடும்பங்களை நிலைகுலையச் செய்த அக்கடன்கள் இப்பொறியின் விலையினும் சிறியவை.

அந்த இளைஞனுக்கு நான் கூறியது இதுதான். புதியதைக் கேளாதே, 2017 ஆம் ஆண்டு வகையிற் பிறர் பாவித்துக் கைவிட்ட ஒன்றை, இரு கைப்பிடிகளும் இரண்டோ மூன்றோ அட்டைகளும் சேர, மாமா ஊருக்கு வரும்போது கொணர முடியுமாவெனக் கேள். விலை பாதிக்கும் கீழே வரும். அட்டைகளைப் பிறருடன் மாற்றிக்கொள்ளலாம். வீட்டில் வைத்தால் அயல் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கட்டும். அல்லது சனசமூக நிலையத்துத் தொலைக்காட்சியோடு பொருத்திவிடு. அவன் சிறிது ஏமாற்றத்தோடுதான் கேட்டுக்கொண்டிருந்தான். புதிய திரையின் அழகை மீண்டும் ஒருமுறை விவரித்தான்.

இதுவரை எழுதிய கணக்குகளில் ஒருவரின் நாள்கள் விலைப்பக்கத்தில் மட்டுமே வந்துள்ளன. அவர் அந்த இளைஞனின் தாயார். சிறுவயதிற் கிளித்தட்டில் அவரைத் தொட்டுவிட ஒருவராலும் இயலாதாம், மகனே கூறினான். பின் இடம்பெயர்வு, திருமணம், மீண்டும் இடம்பெயர்வு, உப்பளம். இளைஞனுக்கு விளையாட்டுத் தகுமெனில் உப்பு வாரிவிட்டு வரும் அப்பெண்ணுக்கும் தகும். கரம் பலகையைச் சுற்றி நின்றோர் என மேலே எழுதினேன். அவ்வாறு நின்றோருள் நான் கண்ட எந்தச் சனசமூக நிலையத்திலும் பெண்கள் இருந்ததில்லை. பொறியை அங்கே வைப்பதானால், கிழமையில் எந்த மாலைகளில் எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை அது பெண்களுக்குரியது என்பதை நிலையத்தின் நிர்வாகசபை முதற் கூட்டத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும்.